எந்தப் பைத்தான்?

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்குத் தராசும் வெப்பமானியும் எப்படியோ, அப்படியே இன்று கணினியும் ஓர் அடிப்படைக் கருவியாகிவிட்டது. தராசின் முள் சுழியில் நிற்கின்றதா என்று பாராமல் நாம் எதையும் நிறுப்பதில்லை. ஆனால், “உங்கள் கணக்கைச் செய்து தந்தது எந்தப் பைத்தான்?” என்று கேட்டால் நம்மிற் பலர் விழிக்கின்றோம். இந்த அலட்சியம் ஒழிய வேண்டும் என்பதே என் கருத்து.

பைத்தான் என்பது ஒன்றன்று. ஒரே மடிக்கணினியில் லினக்ஸோடு வந்தது ஒன்று. அனகோண்டாவோடு வந்தது இன்னொன்று. யாரோ சொல்லக் கேட்டு இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டது மற்றொன்று. மூன்றும் ஒரே பெயரைச் சூடிக்கொண்டிருக்கின்றன. நாம் அப்பெயரைத் தட்டியதும், கணினி ‘பாத்’ என்னும் பட்டியலிலுள்ள இடங்களை வரிசையாகத் தேடி, முதலில் எதிர்ப்படுவதை அழைத்துவிடுகின்றது. விடுதியில் மூன்று முருகன்கள் இருக்கையில் வாசலில் நின்று “முருகா!” என்று கூவினால், முதல் அறை முருகன் ஓடிவருவான், கடிதமோ மூன்றாம் அறை முருகனுக்கு உரியதாயிருக்கும். பதிப்புப் பூசல் என்பதன் வேர் இவ்வளவே.

இதை அறியாததால் விளையும் துன்பம் சிறிதன்று. இவ்வாண்டு பௌதிகத் துறையில் சேர்ந்த தம்பி ஒருவர், “அண்ணே, பிப் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்கிறது; பைத்தான் ‘இல்லவே இல்லை’ என்கிறது. நான் எதைத்தான் நம்புவது?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். பிழைச் செய்தி ஆங்கிலத்தில். ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விளக்கம் இந்தியில். “உனக்குக் கணினி ஒத்துவராது, வேறு தலைப்பை எடுத்துக்கொள்” என்ற அறிவுரையும் அங்கேயே கிடைத்திருந்தது. பார்த்தபோது, பிப் ஒரு பைத்தானுக்கு உரியதாகவும், நிரலை ஓட்டியது வேறொரு பைத்தானாகவும் இருந்தன. பிப்பைத் தனியே அழைக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று அழைத்ததும் இரண்டும் இணங்கிவிட்டன. ஐந்து நிமிட வேலை! இதற்காக ஒருவர் தம் ஆய்வையே கைவிட வேண்டுமா? பெயர்க் குழப்பத்தை அறிவுக் குறைவென்று எண்ணுவதினும் பெரிய அநீதி உண்டா?

தோழர்களே, பிழை காட்டி நிற்கும் நிரலாவது நம்மை எச்சரிக்கின்றது. பிழை காட்டாமல் வேறு விடை தரும் நிரலே ஆபத்தானது. பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 வரும். பைத்தான் 3-இல் 3.5 வரும். 2.5-ஐ முழுமையாக்கச் சொன்னால் முன்னது 3 என்னும். பின்னது 2 என்னும். இரண்டும் சிவப்பெழுத்து ஒன்றையும் காட்டமாட்டா. பைத்தான் 3 வெளிவந்தது 2008-இல். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. எனினும், முன்னோர் எழுதிவைத்த பழைய நிரல்கள் ஆய்வுக்கூடங்களில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

பதிப்பு மட்டுமன்று, இயங்குதளம் மாறினாலும் விடை மாறுவதுண்டு. 2014-இல் ‘நேச்சர் புரோட்டோகால்ஸ்’ இதழில் வெளியான வேதியியற் பைத்தான் நிரல்கள், கோப்புகள் ஒரு குறிப்பிட்ட வரிசையிலேயே வந்து சேரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தன. அந்த வரிசை இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். ஒரே தரவுக்கு வெவ்வேறு கணினிகள் வெவ்வேறு எண்களைத் தருவதை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் கண்டு, 2019-இல் ‘ஆர்கானிக் லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்டனர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவற்றை நம்பிக் கணக்கிட்டவர் தம் விடைகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. எந்தக் கணினியில், எந்தப் பதிப்பில் கணக்கிட்டோம் என்று எழுதி வைக்காதவர் எதைக்கொண்டு சரிபார்ப்பார்?

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. சிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபடுவதைக் கண்டு மலைத்து நின்றுவிடவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எரித்துவிடவும் இல்லை. எவரெவரிடமிருந்து ஏடுகள் கிடைத்தன என்பதைப் பதிவு செய்தார். பாட பேதங்களைக் குறித்து வைத்தார். பனையோலைக்குக் காட்டிய அந்த நாணயத்தை நம் நிரலுக்கும் காட்டலாகாதா?

“எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டால் தொல்லை தீருமே” என்பர் சிலர். தீராது. 2020 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகின்றது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது, பழைய நம்பைக்கென்று தொகுக்கப்பட்ட கருவிகள் பல முரண்டு பிடித்தன. ஓராய்வுக்குப் புதியது வேண்டும். மற்றொன்றுக்குப் பழையதே வேண்டும். இனி, “எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவு” என்பார் வேறு சிலர். லினக்ஸில் அதனோடு வந்த பைத்தானை நம்பியே பல கருவிகள் இயங்குகின்றன. அதைக் கலைத்ததால் முனையச் சாளரமே திறவாமற் போனதும் உண்டு. அதனாலன்றோ 2023 முதல் டெபியனும் உபுண்டுவும் அதன்மேல் பிப்பைக் கொண்டு எதையும் ஏற்றத் தடை விதித்தன! அத்தடையைத் தாண்டும் சொல்லுக்கே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று பெயர். பெயரே ‘உடைப்பேன்’ என்று கூறியும் நாம் தட்டுவோமானால், பழி யாருடையது?

ஒன்றாக்குவதும் வேண்டா, அழிப்பதும் வேண்டா. பிரித்து வைத்தலே வழி. ஒவ்வோர் ஆய்வுக்கும் ‘வென்வ்’ கொண்டு ஒரு தனி அறை அமைத்துவிடுங்கள். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் இவ்வசதி உடன்பிறந்தே வருகின்றது. நண்பரின் அறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வராதீர்கள். அஃது இடம் மாறினால் இயங்காது. ‘பிப் ஃப்ரீஸ்’ தரும் பட்டியலை வாங்கி, உங்கள் கணினியிற் புதிதாக அமையுங்கள். அப்பட்டியல் பைத்தானின் பதிப்பைச் சொல்லாது; அதைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஐயம் வந்தால் லினக்ஸில் ‘விச் -ஏ’ என்றும், விண்டோஸின் கமாண்ட் பிராம்டில் ‘வேர்’ என்றும் கேளுங்கள். எத்தனை முருகன்கள் என்பது தெரிந்துவிடும். ஜூபிட்டரில் எழுதுவோர் ‘சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்’ என்று கேட்டால் ஓடுகின்ற பைத்தானின் முகவரியே கிடைக்கும்.

துறைகளுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: ஆய்வேட்டில் கருவிகளின் பெயரையும் மாதிரி எண்ணையும் கேட்பது போல், பைத்தானின் பதிப்பையும் கேளுங்கள். ஒரு பக்கம் போதும்.

நம் மன்றத்துக்கும் கடமை உண்டு. பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகின்ற நாம், பருவத் தொடக்கத்தில் ஒரு மாலை கூடி, புதிதாய் வரும் தம்பி தங்கையர்க்கு இவற்றைத் தமிழில் சொல்லித் தரலாகாதா? ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்து, மொழியும் உணவும் புதிதான இடத்தில் பயிலும் ஒருவர், மூன்று பொருள்களுக்கு ஒரே பெயர் இருந்த குற்றத்துக்காகத் தம் அறிவையே ஐயுற்று ஒதுங்குவாரானால், அந்த இழப்பு அவருடையது மட்டுமன்று. வரும் பருவத்திலேயே தொடங்குவோம்.