போதிமரத்தை வரைந்த கைக்கு உரிமை எங்கே?

2025 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்தபோது, அவர் அணிந்திருந்த சேலையும் நாடெங்கும் பேசுபொருளானது. மதுபனி ஓவிய வடிவங்களைக் கொண்ட அச்சேலையைப் பரிசளித்தவர் துலாரி தேவி. மீனவர்களான மல்லா சமூகத்தில் பிறந்து, ஓவியர்கள் மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி ஆகியோரின் வீட்டில் வேலை செய்துகொண்டே தூரிகை பிடிக்கக் கற்று, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். பதினொரு நாட்களுக்குப் பின், பிப்ரவரி 12 அன்று, அதே பீகாரின் புத்தகயாவில் பிக்குகள் உண்ணாநிலைப் போராட்டத்தைத் தொடங்கினர். மகாபோதி கோயிலின் நிர்வாகம் பௌத்தர்களிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 1949ஆம் ஆண்டின் புத்தகயா கோயில் சட்டப்படி, நிர்வாகக் குழுவில் நான்கு பௌத்தர்களும் நான்கு இந்துக்களும் இடம்பெறுகின்றனர். மாவட்ட ஆட்சியர் தலைவர். ஆட்சியர் இந்து அல்லாதவராயின் வேறொரு இந்துவையே தலைவராக அமர்த்த வேண்டும் என்ற விதி 2013 வரை நீடித்தது.

சேலை நாடாளுமன்றத்தில் கொண்டாடப்பட்டது. போராட்டம் தெருவில் விடப்பட்டது. இவ்விரண்டையும் வெவ்வேறு செய்திகளாகவே ஊடகங்கள் வாசித்தன. நாம் இவற்றை ஒரே கேள்வியின் இரு முகங்களாகப் பார்க்கிறோம். ஒரு மரபை உருவாக்கிக் காத்தவர்கள் யார், அதன்மீது சட்டபூர்வ அதிகாரம் பெற்றிருப்பவர்கள் யார் என்பதே அக்கேள்வி. கோயிலைப் பற்றி ஓரளவேனும் விவாதம் நடக்கிறது. ஓவியத்தையும் துணியையும் பற்றி அது தொடங்கவே இல்லை.

சுவரிலிருந்து தாளுக்கு

மிதிலைப் பகுதியின் சுவரோவியங்கள் வெளியுலகின் கண்ணில் பட்டது ஒரு பேரழிவினால். 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்தபோது, உள்ளறைச் சுவர்களின் ஓவியங்களை ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர் கண்டார். 1949இல் ‘மார்க்’ இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். அவர் கவனம் பிராமண, காயஸ்தப் பெண்களின் ஓவியங்களின் மீதே குவிந்திருந்தது. 1966-67இன் கடும் வறட்சியில், அனைத்திந்திய கைவினைப்பொருள் வாரியத்தின் புபுல் ஜெயகர் ஓவியர் பாஸ்கர் குல்கர்னியை மதுபனிக்கு அனுப்பினார். பெண்கள் சுவரில் வரைந்ததைத் தாளில் வரைந்து விற்கும் ஏற்பாடு அப்போது உருவானது. முதலில் புகழ்பெற்ற பெயர்கள் பெரும்பாலும் மேல்சாதிப் பெண்களுடையவை. திருமண அறையான கோஹ்பரின் வடிவங்களும் இராமாயண, கிருஷ்ணக் கதைகளுமே ‘மதுபனி’ என்ற பெயருக்குள் நுழைந்தன.

தலித் பெண்கள் 1970களில் தமக்கான மொழியைக் கட்டியெழுப்பினர். ஜித்வார்பூரின் துசாத் சமூகத்தைச் சேர்ந்த சானோ தேவி முதலானோர், தம் உடலில் குத்தப்பட்ட பச்சைக் கோலங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தனர். அதுவே கோத்னா பாணி. ஜெர்மானிய மானிடவியலாளர் எரிக்கா மோசர் அப்பெண்களைத் தம் சொந்த மரபிலிருந்து வரையுமாறு ஊக்குவித்தார். துசாத் மக்களின் வீரத் தெய்வமான ராஜா சல்ஹேஷ் அவ்வோவியங்களின் நாயகன் ஆனார். சாணநீரால் தாளைப் பழுப்பேற்றி அதன்மேல் வரையும் முறையை ஜமுனா தேவி போன்ற தலித் ஓவியர்கள் வளர்த்தனர். மேல்சாதி வீட்டுச் சுவரில் இடமில்லாதவர்கள், தம் தோலையே சுவராக்கிப் பாதுகாத்த கலை இது. 2024இல் சாந்தி தேவி பாஸ்வானுக்கும் சிவன் பாஸ்வானுக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, இந்த அரை நூற்றாண்டு உழைப்பு அரசின் ஏட்டில் ஏறியது.

ஆயினும் சந்தை ஒரு புதிய வருண அடுக்கை வகுத்திருக்கிறது. நிறம் நிரப்பும் பர்னி பிராமணருடையது, நுண்கோடுகளின் கச்னி காயஸ்தருடையது, கோத்னா தலித்துகளுடையது என்று விற்பனைப் பட்டியல்கள் பிரித்துக் காட்டுகின்றன. வரலாற்று விளக்கமாக இப்பிரிவில் உண்மை உண்டு. ஆனால், தலித் ஓவியர் எதை வரையலாம் என்ற எதிர்பார்ப்பாக அது மாறும்போது, பாணியின் பெயரில் சாதித் தொழில் திரும்பி வருகிறது.

புத்தர் எந்த வரிசையில் நிற்கிறார்?

இந்த எல்லையை மீறிய ஒருவர் மால்விகா ராஜ். ஆடை வடிவமைப்புப் பயின்ற, பீகாரின் தலித் ஓவியரான அவர், மதுபனிப் பாணியில் புத்தரின் வாழ்வையும் அண்ணல் அம்பேத்கரையும் வரைகிறார். மீனும் தாமரையும் நுண்கோடும் அப்படியே இருக்கின்றன. கதையின் நடுவில் இருப்பவர் மாறிவிட்டார். புராணத்தைச் சொல்லப் பழகிய கோடு தம்மத்தைச் சொல்கிறது. கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011இல் ‘பீமாயணா’ நூலில் அம்பேத்கரின் வாழ்வைத் தம் மரபு வடிவங்களால் சொன்னதை இதனுடன் சேர்த்து நோக்கலாம். மரபு என்பது பழைய கதைகளின் கிடங்கு என்ற வாதத்தை இவ்விரு முயற்சிகளும் முறியடிக்கின்றன.

மதுபனியில் புத்தர் முன்பே இருக்கிறாரே, இதில் புதுமை என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறார், ஆனால் எங்கே இருக்கிறார் என்பதே சிக்கல். தசாவதார ஓவியங்கள் பலவற்றில் அவர் விஷ்ணுவின் ஒன்பதாம் அவதாரமாக வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் வழங்கிய 22 உறுதிமொழிகளுள் ஐந்தாவது, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை மறுக்கிறது. அந்த உறுதிமொழியை ஏற்ற ஒருவர் வரையும் புத்தரும் தசாவதாரப் புத்தரும் ஒரே முகத்தைப் பெற்றிருந்தாலும் ஒருவர் அல்லர்.

அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ 1957இல் வெளிவந்தது. முதுமை, நோய், சாவு ஆகியவற்றைக் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற வழக்கமான கதையை அந்நூல் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்கு எழுந்தபோது, போரை எதிர்த்ததால் அவர் நாடு துறந்தார் என்கிறது. 1927இல் மகாடு குளத்தில் நீர் அள்ளிய தலைவர், புத்தரின் துறவையும் நீர் உரிமைச் சண்டையின் பின்னணியில் வாசித்தார். எனவே ஓவியர் எந்தக் காட்சியைத் தேர்கிறார் என்பது அலங்காரச் செய்தி அன்று. அது கருத்துரிமையும் மதச் சுதந்திரமும் சேர்ந்த அரசியல் தேர்வு.

கந்தலின் மரியாதை

துணிக்கும் இந்த வரலாற்றில் தனியிடம் உண்டு. சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையே உடை என்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதித்தது. ஆரம்பகாலச் சங்கத்தின் பிக்குகளோ, குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட துணிகளைத் தாமே பொறுக்கித் துவைத்துத் தைத்து, காவியேற்றி உடுத்தினர். சாதிச் சட்டம் இழிவின் அடையாளமாக்கிய அதே கந்தல், சங்கத்தில் மதிப்புக்குரிய சீவர ஆடையாயிற்று. மகத நாட்டின் வரப்பிட்ட நெல்வயல்களைக் காட்டி, அவ்வடிவில் ஆடையை அமைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநயபிடகம் கூறுகிறது. ஒட்டுத்துணியாலான இந்த வயல் வடிவம் இன்றும் பிக்குகளின் ஆடையில் இருக்கிறது. உழவர் மண்ணின் வரைபடம் அது.

அன்றைய மகதம் இன்றைய பீகாரின் தென்பகுதி. அதே மாநிலத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் சுஜனித் தையலும், துணித்துண்டுகளை வெட்டிப் பதிக்கும் கத்வா வேலையும் இன்றும் வாழ்கின்றன. சீவரத்திலிருந்து இவை நேரே பிறந்தன என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. அதற்குச் சான்று தேவை. கழிக்கப்பட்ட துணிக்கு மறுவாழ்வு தரும் கைத்திறனுக்குப் பௌத்தம் அறத்தகுதி வழங்கியது என்பதே நம் கருத்து. புத்தர் தலை அச்சிட்ட திரைச்சீலை உயர்விலைக் கடையில் தொங்கும் இக்காலத்தில், அந்த அறம் முற்றிலும் தலைகீழாகிறது.

சட்டம் யாரை உற்பத்தியாளர் என்கிறது?

மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2007இல். இதனால் ஓவியர்கள் காக்கப்பட்டுவிட்டனர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை ஊன்றிப் படித்தால் மூன்று ஓட்டைகள் தெரியும்.

முதலாவது, வரையறை. 2(1)(க) பிரிவில் ‘உற்பத்தியாளர்’ என்ற சொல், கைவினைப் பொருளைச் செய்பவருடன் அதில் வணிகம் செய்பவரையும் உள்ளடக்குகிறது. தரையில் அமர்ந்து வரைபவரும், அவரிடம் வாங்கித் தலைநகரில் விற்பவரும் சட்டத்தின் முன் ஒரே பெயருக்கு உரியவர்கள்.

இரண்டாவது, பதிவு. குறியீட்டைப் பெறுவது ஒரு சங்கமோ அமைப்போ அரசுத் துறையோ ஆகும். தனி ஓவியர் 17ஆம் பிரிவின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன்னைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அப்போதுதான் மீறலுக்கு எதிராக நிவாரணம் கோரும் உரிமை அவருக்குக் கிடைக்கும். பதியாதவரின் கலைக்குக் குறியீடு உண்டு. அவருக்கு வழக்காடும் தகுதி இல்லை. கோலாப்பூர்ச் செருப்பு வழக்கில் இதைக் கண்டோம். தலித் சர்மகாரர்களின் உழைப்பில் பிறந்த அச்செருப்பின் சாயலை இத்தாலிய நிறுவனமான பிராடா 2025 ஜூனில் மேடையேற்றியது. வழக்குரைஞர்கள் தொடுத்த பொதுநல வழக்கை அடுத்த மாதமே பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பதிவுபெற்ற உரிமையாளர்கள் தாமே வரலாம் என்பது அதன் நிலைப்பாடு.

மூன்றாவது, பாதுகாப்பின் எல்லை. குறியீடு பெயரைக் காக்கிறது, வடிவத்தைக் காப்பதில்லை. மதுபனி என்று சொல்லாமல் அதே மீனையும் போதிமரத்தையும் இயந்திரத்தில் அச்சிட்டு விற்பவரை இச்சட்டம் எளிதில் தொடாது.

பதிப்புரிமைச் சட்டம் துணைக்கு வருமா? தனி ஓவியம் கலைப்படைப்பு. ஓவியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் துணியின்மீது ஏற்றுவதற்கென்றே ஆக்கப்பட்ட வடிவத்தைத் தனியே பதியாமல், உரிமையாளரோ அவரது இசைவு பெற்றவரோ இயந்திர முறையில் 50 முறைக்கு மேல் படியெடுத்தால், 15(2) பிரிவின்படி பதிப்புரிமை அற்றுப்போகிறது. ஐம்பத்தோராவது சேலையோடு ஓவியரின் உரிமை முடிகிறது. கலைப்படைப்பு எது, தொழில் வடிவம் எது என்று பிரித்தறிய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் ஒரு சோதனையை வகுத்தது. அந்தச் சோதனை வரை வழக்கை நடத்திச் செல்லும் வசதி நிறுவனத்துக்கு உண்டு. கிராமத்துப் பெண்ணுக்கு இல்லை.

கையில் இருக்கும் கருவிகள்

சட்டம் முழுவதும் நமக்கு எதிரானது என்று கைகழுவ வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். ஊதியத் தொகை குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகளே செல்லும். வாய்மொழியாக ‘எல்லாம் எங்களுக்கே’ என்று சொல்லி வாங்கிச் செல்லும் வணிகரிடம் காட்ட வேண்டிய பிரிவு இது.

57ஆம் பிரிவு இதைவிட வலியது. படைப்பை விற்ற பின்னும் படைப்பாளி என்ற பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு விளைக்கும் சிதைவை எதிர்க்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கின்றன. விக்யான் பவன் சுவர்ச் சிற்பத்தை அரசே சிதைத்தபோது, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பி அமர்நாத் சேகலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அம்பேத்கரியப் பௌத்தர் ஒருவர் வரைந்த புத்தரை வெட்டியெடுத்துத் தசாவதார வரிசையில் ஒட்டினாலோ, கால்மிதியில் அச்சிட்டாலோ, அது அவருடைய மதிப்புக்குக் கேடு விளைக்கும் சிதைவு என்று வாதிட இடமுண்டு என நாம் கருதுகிறோம். அவ்வாதம் நீதிமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் நேரடிப் பணி உண்டு. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது. எந்தக் குறியீட்டின் உரிமையாளர் யார், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள் யார் யார் என்ற பதிவேட்டைப் பார்வையிடலாம். அப்பட்டியலில் வணிகர் எத்தனை பேர், கைவினைஞர் எத்தனை பேர், தலித் பெண்கள் எத்தனை பேர் என்று சட்டக் கல்லூரி மாணவர் குழு ஒன்று கணக்கெடுத்தால், வெறும் முழக்கமாக இருப்பது சான்றாக மாறும். பயனாளர் விண்ணப்பங்களை ஓவியர்களின் மொழியில் நிரப்பி உதவுவதும் கட்டணத்தைத் திரட்டுவதும் ஒரு வழக்குரைஞர் குழுவால் இயலக்கூடியவையே.

நம் கோரிக்கைகள் மூன்று. வரையறையிலிருந்து வணிகரைப் பிரித்து, செய்பவரின் முன்னுரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். அரசு வாங்கும் அல்லது காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு ஓவியத்திலும் துணியிலும் வரைந்தவரின் பெயர் இடம்பெற வேண்டும். விருதுக்கும் கண்காட்சிக்கும் தேர்வு செய்கையில், சாதிக்கேற்ற பாணியையும் புராணக் கருப்பொருளையும் எதிர்பார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலித் ஓவியர் சல்ஹேஷையும் வரைவார், சித்தார்த்தரையும் வரைவார், எதையும் வரையாமல் வழக்கறிஞராகவும் ஆவார்.

புத்தகயாவில் பிக்குகள் கேட்பது தம் கோயிலின் நிர்வாகத்தை. மதுபனியின் தலித் ஓவியர்களுக்கு வேண்டுவது தம் கோட்டின்மீதான நிர்வாகம். முதலாவதை ஆதரித்துக் கையொப்பமிட்ட நம் அமைப்புகள், இரண்டாவதற்கான விண்ணப்பப் படிவத்தையும் கையில் எடுக்க வேண்டும்.