வேலூர் மக்களவைத் தொகுதி: மக்கள்தொகையும் வாக்காளர் தகுதியும்

வேலூர் மக்களவைத் தொகுதி, தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஆம்பூர், வாணியம்பாடி உட்பட ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டதாகும். 2008 மறுசீரமைப்பில் இதன் எல்லை 2001 கணக்கெடுப்பின் மொத்த மக்கள்தொகையைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. வாக்குரிமையோ, அரசியலமைப்பின் 326 ஆவது பிரிவின்படி, 18 வயது நிறைந்த குடிமக்களுக்கே உரியது. ஆகவே மக்கள்தொகை சமமாக இருப்பினும் வாக்காளரின் பங்கு தொகுதிக்குத் தொகுதி வேறுபடும்.

காரணங்கள்

சிறுவர் மிகுந்த பகுதிகளில் இப்பங்கு குறையும். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் உள்ளதைப் போன்ற இலங்கைத் தமிழர் முகாம்களில் வாழ்வோரும் கணக்கெடுப்பில் சேர்க்கப்படுகின்றனர். ஆனால் அவர்களுள் இந்தியக் குடியுரிமை இல்லாதோர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் வாக்களிக்க இயலாது. வெளியூர்த் தொழிலாளர் தகுதியுடையோரே. எனினும் வசிக்கும் ஊரில் பதிவு செய்தாலன்றி அங்கு வாக்களிக்க முடியாது.

விளைவு

2019 ஆகஸ்ட் 5 இல் இத்தொகுதியில் நடந்த தேர்தலில் வெற்றி வேறுபாடு 8,141 வாக்குகள் மட்டுமே. இத்தகைய நெருங்கிய போட்டியில், பட்டியலில் இடம்பெறாதோரின் எண்ணிக்கையும் கருதத்தக்கதாகிறது.