குளிர்ந்த நீருக்குக் குற்றவாளி யார்?

பிரித்தானியாவில் வாழும் எம் பிள்ளைகள் சிலர், இரவு மின்சாரத்தில் நீர் காய்ச்சும் பொருட்டுப் பகலிற் கூடிய கட்டணம் இறுக்கின்றனர். 1978இல் அங்கு வந்த ‘இக்கொனமி 7’ திட்டம் அது. இரவில் ஏழு மணி நேரம் மலிவு. பகலில் வழமையான கட்டணத்திலும் பெரும்பாலும் அதிகம். விடியலில் நீர் குளிர்ந்திருந்தாலோ, “உமது சூடாக்கி பழுது” என்பதே அவர்கள் கேட்கும் முதல் விடை. விசாரணையின்றித் தீர்ப்பா? நாம் இதனை ஏற்கோம்.

சாட்சியைப் பார்ப்போம். 200 இலீற்றர் நீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்றப் பத்தரை அலகு போதும். 3 கிலோவாற் சூடாக்கிக்கு அது மூன்றரை மணி நேர வேலை. படுக்குமுன்னும் எழுந்தபின்னும் மின்மானியைக் குறித்துக்கொள்க. மலிவு நேரத்தில் ஓடிய அலகுகள் பகற் கணக்கில் ஏறியிருப்பின், குற்றம் மானியினது. (கோடையில் மணிக்கூட்டை மாற்றாத மானிகள் உள, அவற்றில் மலிவு நேரம் ஒரு மணி பிந்தும்.) ஒன்றுமே ஓடவில்லையெனின், மின்சாரம் வரவில்லையா, சூடாக்கி கெட்டதா என்பதை மின்வினைஞர் மலிவு நேரத்திலேயே சோதித்தல் வேண்டும். நண்பகலில் வந்து, அவ்வேளை இயல்பாகவே உயிரற்றிருக்கும் இணைப்பைப் பார்த்துப் புதுச் சூடாக்கி விற்றுச் செல்பவரை என்னென்பது!

பழைய மானிகள் பல பீ.பீ.சி.யின் நெட்டலை வானொலியில் வந்த சைகையினால் இயங்கியவை. அச்சேவையை 2025 யூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினர். நிறுத்தியவர் வீட்டுக்காரர் அல்லர். நிரூபிக்கும் பாரம் மட்டும் அவர் தலையிலா? ஊரிலுள்ள பெற்றோரே, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மானிக் குறிப்புகளோடு எழுத்தில் முறையிட்டு, தவறாக அறவிட்ட பணத்தை மீளக் கேட்கட்டும்.