அந்த ஃபைலை அடுப்பில் போடாதீர்கள்

"அஞ்சு வருஷம் தாண்டிருச்சுங்க, இனி ஒண்ணுமில்லை." சின்ன வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து பிழைத்த பிள்ளைகளின் வீடுகளில், சேலம் நாமக்கல் பக்கம், இந்தப் பேச்சைத் தீர்ப்பு மாதிரிச் சொல்கிறார்கள். அதோடு ஆஸ்பத்திரி ஃபைல் பரணுக்குப் போகிறது. பெண் பிள்ளையென்றால், வரன் பார்க்கத் தொடங்கும்போது அடுப்புக்கே போகிறது. வந்தது என்ன நோய் என்று அந்தப் பிள்ளையிடமே சொல்வதில்லை. "உனக்கு அப்போ விஷக்காய்ச்சல் கண்ணு" என்று முடித்துவிடுகிறார்கள்.

ஐந்து வருடக் கணக்கு பொய்யில்லை. ஆனால் அது பழைய நோய் திரும்புமா என்று பார்க்கும் கணக்கு. அந்த நோயை விரட்டச் செய்த வைத்தியம் உடம்பில் விட்டுப்போன தடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் இந்த நம்பிக்கை. இது ஆபத்தான நம்பிக்கை.

அந்த வைத்தியத்தில் தலைக்கு ஏன் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள்? ரத்தத்தில் ஓடும் மருந்து மூளைக்குள் சரியாகப் போய்ச் சேராது. நோய் அங்கே பதுங்கிக்கொண்டு மறுபடி கிளம்பும். 1960களில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், செயின்ட் ஜூட் மருத்துவமனையில், டொனால்ட் பிங்கல் என்ற மருத்துவர் தலைக்குக் கதிர்வீச்சும் முதுகுத்தண்டில் ஊசி மருந்தும் சேர்த்துக் கொடுத்தார். சாவு நிச்சயம் என்றிருந்த நோயிலிருந்து பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். 1984 முதல் இங்கேயும் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறை வந்தது. மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு ஆகிய மூன்று மருத்துவமனைகளும் அதைப் பின்பற்றின. அதிலும் தலைக்கு 18 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு உண்டு. அன்று அப்பா தோளில் சாய்ந்து பஸ்ஸில் அடையாறு போன பிள்ளைகளில் மூத்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் உயிரோடு இருக்கக் காரணமே அந்தக் கரண்ட்தான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால், அது என் எழுத்துக்கு நேரும் கேடு.

ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மெஷினை நிறுத்தியதும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. செல்லின் மரபணுவில் அது உண்டாக்கிய பழுது தங்கிவிடுகிறது. வளர்கிற பிள்ளையின் மூளையில் அது பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, தலைப் படர்தாமரைக்காகச் சுமார் 11,000 குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூளைக்குப் போனது சராசரியாக ஒன்றரை கிரேதான். 1988இல் எலெய்ன் ரான் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா அவர்களிடம் ஒன்பது மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. மூளைத் திசுவிலேயே வளரும் கிளையோமா இரண்டரை மடங்கு. 1994இல் அந்த நாடு அவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டமே போட்டது. ஒன்றரை கிரேக்கே இப்படியென்றால் பதினெட்டு கிரேயை நினைத்துப் பாருங்கள்.

எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். வட அமெரிக்காவில் குழந்தைப் புற்றுநோயிலிருந்து பிழைத்த 14,000 பேருக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. முதல் நோய் கண்டதிலிருந்து கிளையோமா வர இடைநிலைக் கணக்கில் 9 வருடம், மெனிஞ்சியோமா வர 17 வருடம் ஆகியிருந்தது. நாம் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உட்காரும் காலத்தில்தான் அது வருகிறது. தலைக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களில் நாற்பது வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மெனிஞ்சியோமா என்று 2017இல் அதே ஆய்வுக் குழு கணக்கிட்டது. தொண்ணூற்று நான்கு பேருக்கு வரவில்லை என்பதும் அதே கணக்குத்தான். பயப்படச் சொல்லவில்லை; தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

லாரி ஓட்டும் நாமக்கல்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? வண்டி நன்றாக ஓடுகிறது என்று எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டாமல் விடுகிறோமா? வண்டி பழசாகப் பழசாகத்தானே அடிக்கடி காட்டுகிறோம்?

அறிகுறி இல்லாத எல்லோருக்கும் வருடா வருடம் தலை ஸ்கேன் எடு என்று சர்வதேச வழிகாட்டுதலும் சொல்லவில்லை. டாக்டரோடு பேசி முடிவெடுக்கச் சொல்கிறது. அப்படிப் பேசவாவது விவரம் வேண்டுமே. என்ன நோய், எந்த வருடம், தலைக்குக் கரண்ட் வைத்தார்களா, எத்தனை கிரே, என்னென்ன மருந்து. இதெல்லாம் அந்த ஃபைலில்தான் இருக்கிறது. இப்போது பல இடங்களில் ரத்தப் புற்றுநோய்க்குத் தலைக் கதிர்வீச்சைக் குறைத்துவிட்டார்கள். அதனால் யாருக்கு வைத்தார்கள், யாருக்கு வைக்கவில்லை என்பதே வாய்வார்த்தையில் தெரியாது.

கல்யாணம் தட்டிப்போகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவர்களை இந்த ஊர் படுத்தும் பாடு தெரியாதா? மாப்பிள்ளை வீட்டிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. அவள் உடம்பைப் பற்றி அவளிடமே மறைக்க மட்டும் யாருக்கும் உரிமையில்லை, பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மறைத்தால் என்ன ஆகும்? இருபத்தாறு வயதில் அந்தப் பெண்ணுக்கு விடிந்ததும் தலைவலி, கூடவே வாந்தி என்று வையுங்கள். கிளினிக்கில் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை. அடுத்த மாதம் சைனஸ். அதற்கடுத்து கண்ணாடியை மாற்றச் சொல்வார்கள். டாக்டர் மேல் தப்பில்லை. அவர் முன்னால் இருப்பது வெறும் தலைவலி. "ஆறு வயசுல லுக்கீமியா வந்துச்சுங்க, தலைக்கு 18 கிரே கரண்ட் வெச்சாங்க" என்று அவள் சொல்லியிருந்தால், அவர் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எழுதியிருப்பார். சேலம் பெரியாஸ்பத்திரியிலேயே எடுக்கிற ஸ்கேன்தான்.