பித்தப்பைப் புற்றுநோய்: கங்கைச் சமவெளி உணர்த்தும் எச்சரிக்கை என்ன?

புதுடெல்லி: இந்தியாவில் புற்றுநோய் விழிப்புணர்வு என்றாலே வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று உறுப்புகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. ஆனால் உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம், அசாம் என நீளும் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில், வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறிய உறுப்பில் தோன்றும் புற்றுநோய் பல குடும்பங்களை நிலைகுலையச் செய்து வருகிறது. அதுவே பித்தப்பைப் புற்றுநோய்.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஆண்டில் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது; 9.1 லட்சம் பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் உலக அளவில் பித்தப்பைப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1.22 லட்சம் பேர். உயிரிழந்தவர்கள் சுமார் 89 ஆயிரம் பேர். பாதிப்புக்கும் இறப்புக்கும் இடையேயான இடைவெளி இவ்வளவு குறைவாக இருப்பதே இந்நோயின் கொடுமையை உணர்த்துகிறது. இந்தப் பாதிப்பில் கணிசமான பங்கு இந்தியாவுடையது. ஆண்களைக் காட்டிலும் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

வடக்கில் அதிகம், தெற்கில் குறைவு: ஒரே நாட்டுக்குள் இந்நோயின் பரவல் வியக்கத்தக்க அளவில் மாறுபடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேடுகளில், குவாஹாட்டியை உள்ளடக்கிய காம்ரூப் நகர்ப்புற மாவட்டம் மிக உயர்ந்த விகிதங்களைக் காட்டும் இடங்களுள் ஒன்று. தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் இந்நோய் ஒப்பீட்டளவில் அரிது. எனினும் தென்னக மருத்துவர்களுக்கு இது அந்நியமான நோயல்ல. பிகார், ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து சிகிச்சை தேடி வேலூர் வரை ரயிலேறி வரும் நோயாளிகள் ஏராளம்.

காரணங்கள் என்னென்ன?: பித்தப்பைக் கற்களே முதன்மையான ஆபத்துக் காரணி. இந்நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் கற்கள் காணப்படுகின்றன. ஆனால் கற்கள் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் ஏற்படுகிறது. எனவே கற்கள் மட்டுமே வடக்குக்கும் தெற்குக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. டைபாய்டு கிருமி பித்தப்பையில் நீண்ட காலம் தங்கியிருத்தல், உடல் பருமன், மரபணுக் கூறுகள் ஆகியவையும் இதில் சேர்கின்றன. டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட மரபணு ஆய்வு, பித்தநீரில் கொழுப்புப் பொருட்களைக் கடத்த உதவும் மரபணுப் பகுதியில் ஏற்படும் மாற்றங்களுக்கு இந்நோயுடன் தொடர்பு இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

சுற்றுச்சூழலின் பங்கும் புறக்கணிக்கத்தக்கதல்ல. பிகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 2002ஆம் ஆண்டில் நிலத்தடி நீரில் ஆர்செனிக் நச்சு கண்டறியப்பட்டது. கிருமி கலந்த ஆற்று நீருக்கும் குளத்து நீருக்கும் மாற்றாக வீடுதோறும் அமைக்கப்பட்ட அடிகுழாய்களே இந்த நச்சை மக்களிடம் கொண்டு சேர்த்தன என்பது வேதனையான முரண். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்பதே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. அசாம், பிகார் மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வு ஒன்று, நீண்ட காலம் ஆர்செனிக் கலந்த நீரை அருந்தியவர்களிடம் பித்தப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருப்பதைக் கண்டறிந்தது. ஆர்செனிக் சிறுநீர்ப்பை, நுரையீரல், தோல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஏற்கெனவே உறுதி செய்யப்பட்ட உண்மை.

மறைந்திருக்கும் நோய்: பித்தப்பையின் சுவர் மெல்லியது. கல்லீரலை ஒட்டியிருக்கும் பக்கத்தில் அதற்கு வெளியுறையும் இல்லை. இதனால் சுவரில் தோன்றும் கட்டி எளிதில் கல்லீரலையும், அருகிலுள்ள பித்தநாளத்தையும், நிணநீர் முடிச்சுகளையும் எட்டிவிடுகிறது. தொடக்கத்தில் தெரியும் அறிகுறிகளோ சாதாரணமானவை: வலது மேல் வயிற்றில் வலி, செரிமானமின்மை, குமட்டல், பசியின்மை. இவற்றை 'வாயுத் தொல்லை' எனக் கருதி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பது வழக்கமாக உள்ளது. குடும்பத்தினரின் தேவைகளை முன்னிறுத்தித் தங்கள் வலியைத் தள்ளிப்போடும் பெண்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

மஞ்சள் காமாலை, உடல் அரிப்பு, எடை குறைதல் ஆகியவை தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். அப்போதும் அதைக் கல்லீரல் அழற்சியால் வந்த காமாலை என்று எண்ணி, பச்சிலை மருந்திலும் மந்திரிப்பதிலும் வாரக்கணக்கில் காலம் கடத்தப்படுகிறது. நிறம் வெளிறிய மலம், அடர்நிறச் சிறுநீர், அரிப்பு ஆகியவற்றுடன் வரும் காமாலை, பித்தநாளம் அடைபட்டிருப்பதைக் காட்டக்கூடியது. உடனடியாக ஸ்கேன் பரிசோதனை தேவைப்படுவது.

சிறுநீர் உறுப்புகளிலும் இதே தாமதம்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதே. ஓரிரு நாட்களில் அது தானாக நின்றுவிடுவதால் பலர் அலட்சியப்படுத்துகின்றனர். சிலர் கிருமித்தொற்று அல்லது கல் அடைப்பு என்று கருதி மருந்து உட்கொள்கின்றனர். புகைபிடித்தலே இந்நோய்க்கான முதன்மைக் காரணம். தசையைத் தாக்கும் முன் கண்டறியப்பட்டால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கட்டியை அகற்றி, காசநோய்த் தடுப்பூசியாக அறியப்படும் பிசிஜி மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, மீண்டும் வராமல் கட்டுப்படுத்த முடியும். சிறுநீரகப் புற்றுநோயோ பல நேரங்களில் வேறு காரணத்திற்காக எடுக்கப்படும் ஸ்கேனில் தற்செயலாகவே தெரியவருகிறது.

காலத்தின் மதிப்பு: பித்தப்பையின் உட்பூச்சளவில் நிற்கும் புற்றுநோயைப் பித்தப்பையை அகற்றுவதன் மூலமே பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். அதைத் தாண்டினால், கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து அகற்ற வேண்டும். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பில்லாத நிலையை எட்டிய பின் கணக்கு மாதங்களில் சுருங்குகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 81 நோயாளிகளிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 4.5 மாதங்கள், ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் மருந்துகளைப் பெற்றவர்களுக்கு 9.5 மாதங்கள். பித்தநாள, பித்தப்பைப் புற்றுநோய்களுக்கு துர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைக் கீமோதெரபியுடன் சேர்த்து வழங்கிய பன்னாட்டு ஆய்வில், இடைநிலை ஆயுட்காலம் 11.5 மாதங்களிலிருந்து 12.8 மாதங்களாக உயர்ந்தது.

2024ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் இந்த மருந்து உள்ளிட்ட 3 புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளிக்கப்பட்டது. 2025-26 பட்ஜெட், 3 ஆண்டுகளில் அனைத்து மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என அறிவித்தது. வாரணாசி, முசாபர்பூர் நகரங்களில் டாடா நினைவு மையத்தின் கிளைகளும், அசாமில் மாநில அரசும் டாடா அறக்கட்டளையும் இணைந்து தொடங்கிய மருத்துவமனைகளும் நோயாளிகளின் பயணத் தொலைவைக் குறைத்துள்ளன. இவை அனைத்தும் தேவையான நடவடிக்கைகளே. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை நோய் உறுதியான பிறகு உதவுபவை. உயிரைக் காக்கும் வாய்ப்பு அதிகமுள்ள தொடக்கக் கட்டம் இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

செய்ய வேண்டியது என்ன?: தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் மட்டுமே உள்ளன. அறிகுறியற்ற அனைவருக்கும் வயிற்று ஸ்கேன் எடுப்பது உயிர்களைக் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லாததால், அப்பட்டியலை அப்படியே விரிவாக்குவது தீர்வாகாது. மாறாக, பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் தொடர்ந்து மேல் வயிற்று வலியுடன் வருபவர்களுக்குத் தாமதமின்றி அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கிடைக்கச் செய்வது சாத்தியமானது. இதிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற இடங்களில் தகுதி பெற்றவர்களே ஸ்கேன் கருவியை இயக்க முடியும். சட்டத்தின் நோக்கம் சிதையாமல், வட்டார மருத்துவமனைகளுக்கு உரிய மருத்துவர்களை நியமிப்பது மாநில அரசுகளின் பொறுப்பு.

இந்நோய் மிகுந்த மற்றொரு நாடான சிலி வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு 2006ஆம் ஆண்டு முதல், அறிகுறியுடன் கூடிய பித்தப்பைக் கற்கள் உள்ள 35 முதல் 49 வயது வரையிலானவர்களுக்குப் பித்தப்பையை அகற்றும் சிகிச்சை அரசின் உத்தரவாதத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இந்தியா போன்ற பெரிய நாட்டில் இதை முழுமையாகப் பின்பற்றுவது எளிதல்ல என்றாலும், வலி தரும் கற்களுக்கான அறுவை சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்ற பாடம் இங்கும் பொருந்தும்.

செலவு குறைந்த மற்றொரு நடவடிக்கை, அகற்றப்படும் ஒவ்வொரு பித்தப்பையையும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது. கல்லுக்காகச் செய்யப்படும் லேப்ராஸ்கோபி சிகிச்சைக்குப் பிறகு எதிர்பாராமல் புற்றுநோய் வெளிப்படுவது உண்டு. பரிசோதனையின்றி உறுப்பு வீசப்பட்டால், சில மாதங்களில் காமாலையுடன் திரும்பும் நோயாளிக்கு இரண்டாவது அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பே பறிபோகலாம். பரிசோதனை முடிவைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

நீண்ட காலத் தீர்வு பாதுகாப்பான குடிநீரில் அடங்கியுள்ளது. 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் 2028ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இணைப்புகளின் எண்ணிக்கையுடன், அக்குழாய்களில் வரும் நீரில் ஆர்செனிக் உள்ளதா என்பதும் தொடர்ந்து அளவிடப்பட வேண்டும். கங்கைக் கரையின் அடிகுழாய்களைக் கண்காணிப்பதும், வலியுடன் வரும் பெண்ணுக்கு உரிய நேரத்தில் ஒரு ஸ்கேன் எடுப்பதும், விலை உயர்ந்த மருந்தைக் காட்டிலும் கூடுதல் உயிர்களைக் காக்கக்கூடும்.