அவர்களுக்குக் காட்டுக் குளியல், நமக்குக் குளவிக் கொட்டு



1982இல் ஜப்பான் நாட்டு வனத்துறை ஒரு பெயர் வைத்தது: சின்ரின் யோகு. காட்டுக் குளியல் என்று அர்த்தம். தண்ணீர் கிடையாது. காட்டுக்குள் மெதுவாக நடந்து, மரப்பட்டையைத் தொட்டு, மண்ணை முகர்ந்து, குருவிச் சத்தம் கேட்டு மனதை ஆற்றிக்கொள்வதுதான் குளியல். இன்று பல நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரம் எடுத்து ஒரு மைல் தூரம்கூடப் போகமாட்டார்கள். முடிவில் உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பார்கள், அதுவும் பல இடங்களில் காட்டுத் தழை போட்டது. நம் தேயிலைகூட வேண்டாம் போலும்!

கேலிக்காக எழுதவில்லை. மரங்களுக்கு நடுவே அமைதியாக இருந்தால் படபடப்பும் இரத்த அழுத்தமும் குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம்பக்கூடியதுதான். ஆனால், "நீங்கள் கொடுத்துவைத்தவர்கள், தினமும் இயற்கையோடு வாழ்கிறீர்கள்" என்று நம்மிடமே சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கும் ஐம்புலன் உண்டு. காது, கங்காணியின் சத்தத்துக்கும் குளவி இரைச்சலுக்கும். மூக்கு, மருந்தடித்த மலையின் நெடிக்கு. தோல், அட்டைக்கு. கொழுந்தை விட்டுக் கண் நிமிர்ந்தால் கிலோ குறையும்; கிலோ குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளமும் அப்போது பாதிதான்.

காட்டு நடைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி, முதலில் தான் போய்ப் பாதையைப் பார்க்கிறார். ஆபத்தைச் சொல்கிறார். முதலுதவிப் பெட்டி கொண்டுவருகிறார். நம் பெண்கள் இறங்கும் மலையில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பெரட்டுக்கு முன்னால் யார் பார்க்கிறார்கள்? கொட்டு வாங்கிச் செத்தவர்களின் செய்தி நமக்குப் புதிதல்ல. இயற்கையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் குளவியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

பழைய துரை பங்களாக்கள் பல ஹோட்டலாகிவிட்டன. விருந்தினர்கள் தேயிலை மலைக்குள் நடக்கிறார்கள். நன்றாக நடக்கட்டும். அந்தப் பாதையெல்லாம் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு நியமனக் கடிதத்தோடு வழிகாட்டி வேலை கொடுக்கட்டும். காலையில் கூடு பார்க்க ஓர் ஆளை வைத்து முழுப்பேர் போடட்டும். ஒவ்வொரு மலைக்கும் முதலுதவிப் பெட்டி வேண்டும். கொட்டு வாங்கியவரைக் கொழுந்து லொறிக்காகக் காக்க வைக்காமல் வாகனம் வேண்டும். மழைக்கு ஒதுங்கக் கொட்டகையும் மலசலகூடமும் வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மார் இவற்றை எழுத்தில் துரையிடம் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும். கூடு இருக்கிற மலையின் நம்பரை இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.