கட்டைவிரல் ஆபரேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை



"ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சே டீச்சர், இன்னும் ஏன் சாய்ஞ்சு நடக்கறீங்க?" என்று வையம்பட்டி கடைத்தெருவில் பலரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லக் கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்திருந்தது. டாக்டர்கள் இதைப் 'பனியன்' என்கிறார்கள். (உள்ளே போடும் பனியன் இல்லை. என் வீட்டுக்காரரும் முதலில் அப்படித்தான் விழித்தார்.) புதிதாக எலும்பு வளர்ந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விரல் ஒரு பக்கம் சாயச் சாய, பாதத்தின் நீள எலும்பு எதிர்ப்பக்கம் விலகுகிறது. அந்த எலும்பின் தலைதான் புடைப்பாகத் தெரிவது. அதனால் பெரும்பாலும் மேலே செதுக்கினால் மட்டும் போதாது. எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட வேண்டும்.

இரவில் போர்வை பட்டாலே வலித்தது. எந்தச் செருப்பும் காலில் ஏறவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டது சரியான முடிவுதான். என் கோபம் வேறு. "ஆறு வாரத்தில் பழையபடி நடக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எலும்பு ஒட்டவே ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். வீக்கம் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மூட்டு இறுகலாம், விரல் மரத்துப்போகலாம், சீழ் பிடிக்கலாம், சில வருடம் கழித்து மறுபடி சாயலாம். எனக்கு வந்தது இன்னொன்று. கட்டைவிரல் தாங்க வேண்டிய பாரம் இரண்டாம் விரலின் அடிக்குப் போய்விட்டது. அங்கே காய்ப்பு ஏறி, ஒவ்வோர் அடியிலும் கூழாங்கல்லை மிதிக்கிற மாதிரி வலி. இதெல்லாம் மருத்துவப் புத்தகங்களில் உள்ள விஷயம்தான். கைப்பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்தி வைக்கும் முன் சொல்ல வேண்டாமா? கையெழுத்துக்கு நீட்டிய தாளும் ஆங்கிலத்தில்.

நாம் எப்படி வாழ்கிறோம் என்றும் யாரும் கேட்பதில்லை. குத்தவைத்து உட்கார்ந்து எழும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நன்றாக மடங்கியாக வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் வாசலில் கோலம் போட முடியாது, பழைய கழிப்பறையில் உட்கார முடியாது, ஸ்ரீரங்கம் பிரகாரத்துக் கல்தரையில் வெறுங்காலோடு சுற்றிவருவது பெரும்பாடு. ஷூ போட்டு ஆபீஸ் போகிறவருக்குப் போதுமான பாதம் நமக்குப் போதாது.

இந்தத் தொல்லையில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, காலணிக்கும் உண்டு. 1958இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில், ஷூ போட்டுப் பழகியவர்களில் 100க்கு 33 பேருக்குக் கட்டைவிரல் சாய்ந்திருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் இரண்டு பேருக்கும் குறைவு. அதற்காகச் செருப்பைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, நம் பக்கத்து நெருஞ்சி முள் உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் அகலமாக இருக்கட்டும். வளையம் வைத்த செருப்பு புடைப்பின்மேலேயே உரசும். பிள்ளைகளின் பள்ளி ஷூவில் விரல் முட்டுகிறதா என்று அடிக்கடி அழுத்திப் பாருங்கள்.

சர்க்கரை உள்ள உறவுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் எப்படி என்று பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். புடைப்பு உரசிப் புண்ணானால் உங்களுக்கு வலி தெரியாமலே போகலாம். எம்.சி.ஆர். செருப்பு அழகாக இருக்காது, ஆனால் வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் உடன் இருந்தவர்களும் உணர்விழந்த கால்களுக்குச் செய்த வேலையிலிருந்து வந்தது அது.

வலியே இல்லை, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் கத்திக்குப் போகிறவர்களை நான் தடுப்பேன். வலி இருந்தால் போங்கள். எந்த எலும்பை வெட்டுவார்கள், தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, பயிற்சி யார் சொல்லித்தருவார்கள், விரல் மறுபடி சாய்ந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்து இடது காலையும் செய்துவிடலாம் என்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முதலில் தமிழில் பதில் சொல்லுங்கள், பிறகு தேதி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.